பன்னிரண்டு வீடுகளும் இருபத்தொன்பதரைக் கிலோவும்

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நவம்பர் கடைசியில் ஒரு பத்திரிகையிலிருந்து பேசினார்கள். புத்தாண்டுக்கும் பொங்கலுக்கும் சேர்த்து ஒரே சிறப்பிதழாம். "காலநிலை மாற்றம் பத்தி ஒரு கதை வேணும் சார். கிறிஸ்துமஸும் உள்ள வந்துட்டா மூணு பண்டிகையும் ஆச்சு. முடிக்கும்போது மட்டும் ஒரு நம்பிக்கை இருக்கட்டும்" என்றார் உதவியாசிரியர். நம்பிக்கை இப்போது கைவசம் இல்லை, வந்தால் சொல்லியனுப்புகிறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "எத்தனை பக்கம்?" என்று கேட்டுவிட்டேன்.

ஒரு மாதம் ஒன்றும் எழுதவில்லை. டிசம்பர் இருபத்தாறாம் தேதி மோகனூர்ச் சாலையில் ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோவிலுக்குக் கிறிஸ்துமஸ் குடில் போட்டி நடுவராகப் போனேன். (எழுதுகிறவனுக்கு மாட்டுத்தொழுவத்தைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் கேட்பதில்லை.) பதினேழு வீட்டுக் குடில்களைப் பார்த்து, பதினேழு வீட்டிலும் கேக் தின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். பங்குப் பணிக்குழுவின் செயலாளர், ஹெலன் என்ற பெண்மணி, துணைக்கு நின்றார். பஸ் ஒன்றரை மணி நேரம் வரவில்லை. அந்த ஒன்றரை மணி நேரம்தான் இந்தக் கதை.

பஸ் வந்தபோது ஹெலன் இரண்டு நிபந்தனை போட்டார். பங்கின் பெயர் வரக் கூடாது. "அப்பறம், என்னை நல்லவளா எழுதிப்போடாதீங்க." முதல் நிபந்தனையைக் காப்பாற்றிவிட்டேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

காவிரி அன்று அழுதுகொண்டிருந்தது—

அழவில்லை. கரை நெடுக மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றை அழவைத்து எழுதுகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஆற்றங்கரையில் ஒரு மனை இருக்கும். அடித்துவிட்டேன்.

இரண்டாவது:

உலகம் ஒன்றரை டிகிரி சூடாகிவிட்ட ஒரு மாலைப்பொழுதில், நாமக்கல் மாவட்டத்தின் ஒரு சிற்றூரில்—

இதைப் படித்தால் அன்று மதியம் வரை எல்லாம் சரியாக இருந்து, சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் சூடு ஏறியதைப் போலிருக்கிறது. இதுவும் போயிற்று.

மூன்றாவது:

ஹெலன் ஒரு கோடு போட்டாள்.

இதில் பொய் இல்லை. இதையே வைத்துக்கொள்கிறேன். இனிமேல் அவரை 'அவள்' என்று எழுதப் போகிறேன். கதைக்குள் வந்துவிட்டால் மரியாதை கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

3

ஹெலனுக்கு நாற்பத்து நான்கு வயது. சேலம் டவுனில் பிறந்தவள். கட்டிக்கொடுத்து இந்தப் பக்கம் வந்து இருபது வருசம். நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. எந்த வண்டி எங்கே போகிறது, போக வர எத்தனை லிட்டர் டீசல் பிடிக்கும், திரும்பும்போது லோடு கிடைக்குமா என்று பார்ப்பாள். திரும்புகாலில் லோடு கிடைக்காவிட்டால் அது காலி டிரிப். காலி டிரிப் எங்கே கண்ணில் பட்டாலும் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு வேறு ஏற்பாடு செய்வாள். பதினாறு வருசமாக அடிக்கிறாள். "ஹெலன் கோடு போட்டா என்ர வண்டி ஒண்ணுகூடச் சும்மா ஓடாதுங்க" என்று அவள் முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

பங்குச் சாமியார் ஜெனிஷ் அடிகளார். முப்பத்தொரு வயது, குமரிப் பக்கத்துக்காரர், இந்தப் பங்குக்கு வந்து ஏழு மாதம். நவம்பரில் காலநிலை பற்றி மூன்று நாள் பயிலரங்குக்குப் போய்விட்டு ஒரு சணல் பையோடும் இருமலோடும் திரும்பினார். கருத்தெல்லாம் பையில் இருந்தது. இருமல் ஏசி மண்டபத்தில் பிடித்தது. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்த கையோடு, 'காலநிலை நீதி மற்றும் படைப்பின் பராமரிப்புக்கான பங்குப் பணிக்குழு' உதயமாயிற்று.*

* பெயரின் நீளத்துக்கு ரப்பர் ஸ்டாம்பில் இடம் போதவில்லை. 'காலநிலை நீதி மற்றும்' என்பதோடு ஸ்டாம்ப் முடிந்துவிட்டது. எல்லாக் கடிதத்திலும் அப்படித்தான் விழுகிறது.

மேலிடத்திலிருந்து ஒரு போட்டியும் அறிவித்திருந்தார்கள். பண்டிகைக் காலத்தில் எந்தப் பங்கு அதிகமாகக் கரியமில வாயுவைக் குறைக்கிறதோ அதற்குப் பசுமைக் கேடயம். சுற்றறிக்கை பதினான்கு பக்கம், ஒரு பக்கம் மட்டும் அச்சடித்தது. ஃபாதர் படித்துக் காட்டினார். தீர்மானங்கள் நிறைவேறின: வீடுகளில் பிளாஸ்டிக் ஸ்டார் கட்டக் கூடாது, காகித ஸ்டார்தான். ஜெனரேட்டர் கிடையாது. வீடு வீடாகப் போய்ப் பாடுகிற கேரலுக்கு ஆகும் டீசலைக் குறைக்க வேண்டும். பேனர் துணியில்தான் இருக்க வேண்டும். (பேனர் கடைக்காரரிடம் ஃபிளெக்ஸ் மட்டும்தான் இருந்தது. ஃபிளெக்ஸில் அடித்து, ஓரத்துக்கு நல்ல காடாத் துணி தைத்துக் கொடுத்தார்.)

"டீசல் கணக்கு யாருக்குத் தெரியும்?" என்று ஃபாதர் கேட்டார்.

"அதுக்குன்னே பொறந்ததாட்டம் நம்ம ஹெலன் இருக்குதுங்களே ஃபாதர்" என்றார் தோமினிக். தோமினிக்குக்கு அறுபத்தொரு வயது. இருபத்திரண்டு வருசமாக இந்தப் பங்கின் கிறிஸ்துமஸ் தாத்தா அவர்தான். முழங்கால் தேய்ந்துவிட்டதால் போன வருசம் வண்டிமேல் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே ஆடினார்.

ஹெலன் ஒரு பழைய நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தாள். கேரல் நான்கு சாயங்காலம். முதல் மூன்று நாள் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்கள். அதில் ஒரு லிட்டருக்கு ஏழெட்டு வீடு தேறியது. நான்காவது நாள் வாய்க்கால் காலனி. பன்னிரண்டே வீடு. பாலம் உடைந்து இரண்டு வருசமாகிறது, சுற்றிக்கொண்டு பதினோரு கிலோமீட்டர் போக வேண்டும். இரண்டு வண்டி, ஒரு ஜெனரேட்டர், எல்லாம் சேர்ந்து பதினோரு லிட்டர். லிட்டருக்கு ஒரு வீடு. போவதும் காலி, வருவதும் காலி.

கை தானாகப் போயிற்று. கோடு.

"இருவத்தொம்போதரைக் கிலோ கரியமில வாயு மிச்சமாகுதுங்க ஃபாதர்."

கைதட்டினார்கள். காலனிக்காரர்கள் யாரும் அப்போது அங்கே இல்லை. பத்து மணி பஸ்ஸை விட்டால் அவர்களுக்கு அடுத்த பஸ் மூன்று மணிக்குத்தான், அதனால் பூசை முடிந்ததும் ஓடிவிடுவார்கள்.

(காலனி என்று எழுதியதும் அங்கே குடியிருப்பவர்கள் யார் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். கைதட்டியவர்களுக்கும் தெரியும். யாரும் அதை மனதில் வைத்துக் கைதட்டவில்லை என்றுதான் நம்புகிறேன். மனதில் வைக்காமலே கைதட்ட முடிகிறது என்பதுதான்— வேண்டாம், இந்த வாக்கியத்தை முடித்தால் கட்டுரையாகிவிடும்.)

4

கட்டுரையாக ஒரே ஒரு பத்தி மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். இது தெரியாமல் மேலே போக முடியாது.

இந்தப் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வருசம் சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் தாங்களாக ஸ்டார் கட்டிக்கொள்ள மாட்டார்கள். கேரல் குழு வர வேண்டும். அந்த வாசலில் டிரம் அடிக்கக் கூடாது. கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார். மெதுவான பாட்டு ஒன்றைப் பாடி, குழுவில் ஒருவர் ஸ்டூல் போட்டு ஏறி, அந்த வீட்டார் வாங்கி வைத்திருக்கும் ஸ்டாரைக் கட்டி, பல்பைப் போட்டுவிட வேண்டும். அதோடு துக்கம் முடிந்தது. அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் நல்ல காரியம் பேசலாம், பெண் பார்க்க வரலாம். ஸ்டார் கட்டாமல் விட்டால் அடுத்த கிறிஸ்துமஸ் வரை அது துக்க வீடு.

ஜெனிஷ் அடிகளாருக்கு இது தெரியாது. யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய விஷயம் என்று யாருக்கும் தோன்றாததால். ஹெலனுக்குத் தெரியும். கோடு போடும்போது அவள் வீடுகளைப் பார்க்கவில்லை, கிலோமீட்டரைத்தான் பார்த்தாள்.

வாய்க்கால் காலனியில் அந்த வருசம் ஒரு சாவு. சவுரிமுத்து, கரும்பு வெட்டுகிறவர். ஏப்ரல் கடைசியில் பகல் ஒரு மணிக்கு வெட்டுக்காட்டில் விழுந்தார். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் மாரடைப்பு என்று இருக்கிறது. கூட வெட்டியவர்கள் வெயில் அடித்துவிட்டது என்றார்கள். அவருடைய மனைவி இன்பமேரி, மகள் அக்சிலியா.

இங்கேதான் எனக்குச் சங்கடம். காலநிலைக்காக அமைந்த பணிக்குழு, அந்தப் பங்கிலேயே வெயிலில் செத்த ஒரே மனிதரின் வீட்டைப் பார்த்து அடித்துவிட்டது. வேறு யாராவது இப்படி எழுதிக்கொண்டு வந்தால், "ரொம்பப் பொருத்தமா இருக்குதே, கொஞ்சம் கலைச்சு விடுங்க" என்று சொல்லியிருப்பேன். கலைத்தும் பார்த்தேன். ஒரு வரைவில் சவுரிமுத்துவைப் பாம்பு கடித்தது. இன்னொன்றில் டிராக்டர் கவிழ்ந்தது. செத்த மனிதரை என் வசதிக்காகத் திரும்பத் திரும்பச் சாகடிக்க வெட்கமாகி, வெயிலிலேயே விட்டுவிட்டேன்.

5

டிசம்பர் பதினைந்தாம் தேதி இன்பமேரி லாரி ஆபீஸுக்கு வந்தாள். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"ஏனுங்க ஹெலனு, வேலையா இருக்கறீங்களாட்ட இருக்குது."

"வாங்கக்கா, உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா?"

"டீயெல்லாம் வேண்டாஞ் சாமி. எந்தக் கெழமைக்கு எங்க பக்கம் கேரலு வருதுன்னு கேட்டுப்போட்டுப் போலாம்னுதான். அக்சிலியாளைப் பாக்க ஒரு எடத்துல இருந்து வாரேங்கறாங்க. திருச்செங்கோட்டுப் பக்கம். பையன் போர் போடற ரிக்கு வண்டில ஓடறான்."

"நல்ல சேதிங்கக்கா."

"நல்ல சேதிதான். வருசத்துல பத்து மாசம் வடக்கேதான் இருப்பானாமா. பொண்ணு தப்பிச்சா." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "இருவத்தெட்டாந் தேதி வரச் சொல்லியிருக்குதுங்க. அதுக்குள்ள நீங்க வந்து ஸ்டாரைக் கட்டிப்போட்டீங்கன்னா நானு நிம்மதியா ஊட்டைக் கூட்டி மொழுகீருவேன். கட்டாத ஊட்டுக்குள்ள வாங்கன்னு எப்புடிச் சொல்றது?"

ஃபோன் அடித்தது. நாக்பூரில் நிற்கிற வண்டிக்கு ரிட்டன் லோடு இல்லையாம். ஹெலன் வழக்கத்தைவிட அதிக நேரம் பேசினாள். வைத்தபோது இன்பமேரி பொட்டலத்தைப் பிரித்து மேசைமேல் விரித்திருந்தாள். சிவப்புக் காகித ஸ்டார்.

"பிளாஸ்டிக்கு ஆகாதுன்னு சாமியாரு சொன்னாருன்னாங்க. காயிதத்துலதான் வாங்கியிருக்கறேன். இது ஆகுமுங்களா?"

"ஆகுங்க்கா."

"அப்ப எந்தக் கெழமைங்க?"

"கேட்டுச் சொல்றேன்க்கா."

கோடு போட்டவள் யாரைக் கேட்பாள்? இன்பமேரி அதை நம்பி எழுந்தாள். வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள்.

"முப்பது பேருக்கு டீ வெச்சாப் போதுமா, நாப்பது பேருக்கு வெக்கோணுமா அம்மிணி? போன தடவை உங்க டிரம்மு அடிக்கறவனுக்கே பத்தாமப் போச்சு."

6

(இந்தப் பகுதியில் புவி வெப்பமாதல் பற்றிய புள்ளிவிவரங்கள் இருந்தன. எழுதும்போதே எனக்குத் தூக்கம் வந்ததால் எடுத்துவிட்டேன்.)

7

அன்று சாயங்காலமே ஹெலன் சாமியார் பங்களாவுக்குப் போனாள். ஜெனிஷ் அடிகளார் சோற்றுத் தட்டைக் கையில் வைத்தபடி ஃபோனில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். தோமினிக் தன் கிறிஸ்துமஸ் தாத்தா உடுப்பை வெயிலில் காயவைத்து எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்.

"ஃபாதர், அந்த நாலாவது நாளைத் திரும்பச் சேத்துக்கலாங்களா?"

"அறிக்கை அனுப்பியாச்சே."

"கேரலே இன்னும் ஆரம்பிக்கலீங்களே ஃபாதர்."

"நேத்தோட கடைசித் தேதி. குறைக்கப் போறதையெல்லாம் குறைச்சாச்சுன்னு போட்டுத்தான் எல்லாப் பங்கும் அனுப்பியிருக்கு. நம்மதான் முதல்லன்னு தகவல் வந்திருக்கு. இனி திருத்தினா..." அவர் இருமினார்.

ஹெலன் வழக்கத்தைச் சொன்னாள். இன்பமேரியைச் சொன்னாள், இருபத்தெட்டாம் தேதியைச் சொன்னாள். ஃபாதர் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"இதை ஏன் யாரும் எங்கிட்டச் சொல்லல்ல?"

தோமினிக் மடித்த உடுப்பை உதறி மறுபடி மடித்தார்.

"நான் ஜனவரியில போய் ஜெபம் சொல்லி அந்த ஸ்டாரக் கட்டிட்டு வாறேன். அதுவரை துணைக் கிராமம் அஞ்சு இருக்கு, பூசை பதினெட்டு இருக்கு."

"ஜனவரில ஊருல இருக்கற ஸ்டாரெல்லாம் கழட்டிருவாங்களே ஃபாதர். எல்லாரும் நடந்து போயிட்டு வந்தா என்னங்க? நடந்தா டீசலும் இல்லீங்களே."

"போக வர இருபத்திரெண்டு கிலோமீட்டரா?"

"இந்தக் கால வெச்சுக்கிட்டு நடந்தா நானு அடுத்த ஜென்மத்துலதான் போய்ச் சேருவேன்" என்றார் தோமினிக்.

"நமக்கு அடுத்த ஜென்மம் கிடையாது தோமினிக்."

"அதையேதானுங்க ஃபாதர் நானுஞ் சொல்றேன்."

(பஸ்ஸில் போகலாமே என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. ஹெலனும் கேட்டாள். மூன்று மணிக்குக் காலனிக்குப் போகிற பஸ் மறுநாள் காலையில்தான் திரும்பும். முப்பது பேர், இரண்டு டிரம்.)

ஜெனிஷ் அடிகளாரைக் கெட்டவராக எழுத இந்த இடத்தில் நல்ல வாய்ப்பு. எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. உண்மையாகவே உலகத்தைக் காப்பாற்ற நினைக்கிற, சாப்பிட நேரமில்லாத ஒரு மனிதர். உலகம் ஒன்றுதான் என்பதால் அதைக் காப்பாற்றுவது அவருக்குச் சுலபமாகப் பட்டது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு வீடு.

8

இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலம் கோவில் மைதானத்தில் சமத்துவக் கிறிஸ்துமஸ் விழா. கேடயத்தைக் கையில் வாங்குவதும் அன்றுதான். சிறப்பு விருந்தினர் ஜெகதீஸ்வரன், நான்கு ஆழ்துளைக் கிணறு ரிக் வண்டிகளுக்குச் சொந்தக்காரர். பேனரில் அவர் பெயருக்கு முன்னால் 'நீர்வளக் காவலர்' என்று போட்டிருந்தார்கள். யார் போட்டது என்று கேட்டேன். பேனர் கடைக்காரராம். அவரிடம் முன்பே அடித்து வைத்த பட்டங்கள் இருக்கின்றன.

இவரை வில்லனாக்கலாம் என்று முடிவுசெய்து இரண்டு பக்கம் எழுதினேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை. வந்து இறங்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் குடிலைக் கும்பிட்டார். குழந்தைகளுக்கு மிட்டாய் கொண்டுவந்திருந்தார்.

ஆறே காலுக்குக் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் கூடாது என்பது தீர்மானம். ஃபாதர் மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னார். ஐந்து நிமிடம் பாடகர் குழு மைக் இல்லாமல் பாடியது. "அந்த அஞ்சு நிமிசம் நல்லா இருந்துச்சுங்க" என்றாள் ஹெலன். ஜெகதீஸ்வரனுக்கு மனசு கேட்கவில்லை. ஃபோனை எடுத்தார். பஸ் ஸ்டாப்பில் நின்ற அவருடைய ரிக்கின் துணை லாரி ஜெனரேட்டரோடு வந்து கோவில் மதில் ஓரம் நின்றது. சீரியல் லைட்டெல்லாம் குப்பென்று பிடித்தது. முழு மைதானமும் கைதட்டியது. ஃபாதர் கையிலிருந்த மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார். விருந்தினரிடம் என்ன சொல்வது?

ஹெலன் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டாள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சத்தமே போதும். மணிக்கு ஏழு லிட்டர்.

"எங்க தொழிலு தண்ணி பாக்கறதுங்க" என்று ஜெகதீஸ்வரன் பேசினார். "எங்கப்பாரு காலத்துல நூறடில தண்ணி. இப்ப ஆயிரத்தி இருநூறு அடி போட்டாலும் புழுதிதான் பறக்குது. பூமாதேவி காஞ்சு போயிட்டா. ஃபாதரு இந்த மாதிரி விழா எடுக்கறது ரொம்ப நல்ல விசயமுங்க. நீங்கெல்லாம் ஜெபம் பண்ணோணும், நாங்களும் பாத்துப் போடோணும்."

பிறகு கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். "எப்பவும் முன்னால உக்காந்திருப்பாங்களே, வாய்க்கால் காலனிக்காரங்க யாரையுங் காணமுங்களே?" (இரவில் அவர்களைத் திருப்பிக் கொண்டுபோய் விடுகிற வண்டியையும் டீசல் கணக்கில் நிறுத்தியிருந்தார்கள்.)

ஃபாதர் ஹெலனைப் பார்த்தார். ஹெலன் கேடயத்தைப் பார்த்தாள். மேடை ஓரத்தில் நாற்காலியில் இருந்த கிறிஸ்துமஸ் தாத்தாவின் முகமூடிக்குள்ளிருந்து பதில் வந்தது:

"கார்பன் கொறச்சிருக்கறோமுங்க."

மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. சிலர் சிரித்தார்கள். சிரித்தது யாரென்று ஹெலன் என்னிடம் சொல்லவில்லை.

ஒன்றே முக்கால் மணி நேரம் லைட் எரிந்தது. பொன்னாடை போர்த்துவதற்குள்ளேயே பன்னிரண்டு வீட்டின் டீசலும் தீர்ந்துவிட்டதை ஹெலன் மட்டும் அறிந்திருந்தாள்.

9

இனி முடிவு. பத்திரிகைக்கு நம்பிக்கை வேண்டும் என்பது நினைவிருக்கிறது. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு. இருபத்து நான்காம் தேதி பொழுது சாயும் நேரம், ஃபாதர் முன்னால் நடக்க, முப்பது பேர் கையில் மெழுகுவர்த்தியோடு பதினோரு கிலோமீட்டர் நடந்து காலனிக்குப் போகிறார்கள். தோமினிக்கைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். வழியில் லேசாகத் தூறுகிறது. எழுதியபோது எனக்கே கண் கலங்கிற்று. உதவியாசிரியருக்கு மிகவும் பிடிக்கும். நடக்கவில்லை.

இரண்டாவது. விஷயம் கேள்விப்பட்ட ஜெகதீஸ்வரன் ரிக் லாரியிலேயே குழுவை ஏற்றி அனுப்புகிறார். நடந்திருக்கக்கூடியதுதான், சொல்லியிருந்தால் அனுப்பியிருப்பார். கேடயம் வாங்கிய மறுநாள் அவரிடம் போய் இதைக் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

மூன்றாவது. இன்பமேரி வழக்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டுத் தானே ஸ்டூல் மேல் ஏறித் தன் கையால் ஸ்டாரைக் கட்டுகிறாள். இலக்கியக் கூட்டங்களில் இது நன்றாகப் போகும். ஆனால் இன்பமேரிக்கு எதையும் தூக்கி எறிகிற உத்தேசம் இல்லை. ஊர் ஒப்புக்கொள்கிற மாதிரி துக்கம் முடிய வேண்டும், மகளைப் பார்க்க வருகிறவர்கள் தயங்காமல் உள்ளே வர வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

நடந்தது இது. இருபத்து நான்காம் தேதி நான்கு மணிக்கு ஹெலன் தன் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள்.

பண்டிகைக்கு முந்தின நாளாவது கேரல் வந்துவிடும் என்று பன்னிரண்டு வீட்டிலும் வாசல் தெளித்து, நல்ல துணி உடுத்தி நின்றிருந்தார்கள். யாரும் வர மாட்டார்கள் என்று யாரும் வந்து சொல்லியிருக்கவில்லை. இன்பமேரி வீட்டு முன்னால் மூன்று கல் கூட்டி, இரவல் வாங்கிய பெரிய குண்டாவில் டீ கொதித்துக்கொண்டிருந்தது.

"மத்தவங்கெல்லாம் பின்னால வாராங்களா?" என்று இன்பமேரி சாலையை எட்டிப் பார்த்தாள்.

"இல்லீங்க்கா. நான் மட்டுந்தான்."

"ஏன், வண்டி கெட்டுப் போச்சா?"

இதற்கு ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வரும் வழியெல்லாம் அதைத்தான் சொல்வதாக ஹெலன் நினைத்திருந்தாள்.

"நாந்தான்க்கா உங்க பக்கத்தை அடிச்சு உட்டேன். காலி டிரிப்புன்னு கோடு போட்டுட்டேன்."

அக்சிலியா கரண்டியைக் குண்டாவிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தாள். இன்பமேரிக்குப் புரியவில்லை. "எதுக்குங்க?"

"ஒலகம் சூடாயிட்டே போகுதுங்க்கா. டீசல் எரிச்சா இன்னும் சூடாகுமாம். அதைக் கொறைக்கோணும்னு ஒரு போட்டி வெச்சாங்க. அதுக்காக."

"வெயிலு எனக்குந் தெரியுமுங்க" என்றாள் இன்பமேரி. அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டு, "எங்க பன்னெண்டு ஊட்டை அடிச்சதுல எவ்வளவு கொறஞ்சுதுங்க?"

"இருவத்தொம்போதரைக் கிலோ."

"அவுரு அம்பத்திரெண்டு கிலோ இருந்தாருங்க. ஆஸ்பத்திரில எடை போட்டுச் சொன்னாங்க."

கோபமாகச் சொல்லவில்லையாம். கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னாளாம். அது அப்படித்தான் இருந்தது என்று ஹெலன் என்னிடம் இரண்டு முறை சொன்னாள்.

ஹெலன் வீட்டுக்குள் போய் ஸ்டூலை எடுத்துவந்து வாசலில் போட்டாள். டிரம் இல்லை, பாட்டு இல்லை, சாமியார் இல்லை. கோடு போட்டவள் ஒருத்திதான் குழு. சுற்றிலும் காலனியே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"நானு கட்டட்டுங்களாக்கா?"

10

இந்த இடத்தில் என் பஸ் வந்துவிட்டது.

மறுநாள் ஹெலனுக்கு ஃபோன் செய்தேன். "அதை எங்கிட்டக் கேக்காதீங்க. அது அந்த ஊட்டுக்காரங்க சொல்லோணும்" என்று ஒரு நம்பரைக் கொடுத்துவிட்டு வைத்துவிட்டார். (கதைக்கு வெளியே வந்துவிட்டோம், மரியாதையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.)

இன்பமேரி நாலாவது மணியில் எடுத்தார்.

"ஆமாங்க, வந்துச்சு. ஸ்டூலு மேலயும் ஏறுச்சு."

"கட்டினாங்களா? கட்ட உட்டீங்களா?"

"நீங்க யாருங்க?"

"கதை எழுதறவன்ங்க."

"எழுதி?"

உதவியாசிரியரின் மூன்று பண்டிகைக் கணக்கை இவரிடம் சொல்ல முடியாது.

"முடிவு தெரிஞ்சா நல்லா இருக்குமுங்க, அதான்" என்றேன்.

"அப்ப ஒரு எட்டு வந்து வாசல்ல பாத்துப்போட்டுப் போங்க. பேச்சுல கேட்டு என்ன பண்றீங்க? வாங்க, டீ வெக்கறேன்."

வருகிறேன் என்றுதான் சொன்னேன். இருபத்தெட்டாம் தேதி திருச்செங்கோட்டுக்காரர்கள் வந்தார்களா, வந்தவர்கள் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்களா, அப்படியே திரும்பினார்களா, எதுவும் எனக்குத் தெரியாது. இன்று முப்பதாம் தேதி. உதவியாசிரியர் காலையிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். நான் இன்னும் அங்கே போகவில்லை. இந்தக் கதையை எழுதிக்கொண்டிருந்தேன்.

போய்ப் பார்க்கிறவர் யாரோ, முடிவு அவருடையது.